நட்சத்திரம் மனைவி மேல் கை நீட்டினால், செய்தியை எப்படி எழுதுவது?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்சில் எங்கள் சமூக மன்றத் தமிழ் இதழுக்கு விளையாட்டுப் பக்கம் எழுதுகிறேன். விளையாட்டு உலகப் பிரபலம் ஒருவர் மனைவியை அடித்ததாகச் செய்தி வந்தால் எப்படி எழுதுவது? "அது அவங்க வீட்டு விவகாரம், ஸ்கோரை மட்டும் போடுங்க" என்கிறார் குழுவில் ஒரு அண்ணன்.

பதில்: ஸ்கோரை மட்டும் போடுவதும் ஒரு பக்கம் சாய்வதுதான். முதலில் தலைப்பைக் கவனியுங்கள். ‘தம்பதியிடையே தகராறு’ என்று போட்டால் அடித்தவர் காணாமல் போய்விடுவார். ‘மனைவியை அறைந்ததாகப் புகார்’ என்று நேராகவே எழுதலாம். நிரூபணமாகும்வரை ‘புகார்’ என்ற சொல் போதும், மழுப்பல் வேண்டாம்.

அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸ் விவகாரத்தைத் தேடிப் படியுங்கள். 2014 பிப்ரவரியில், நினைவிழந்து கிடந்த வருங்கால மனைவியை அவர் மின்தூக்கியிலிருந்து இழுத்து வரும் காணொளி வெளிவந்தது. மே மாதம் அவருடைய பால்டிமோர் அணி இருவரையும் செய்தியாளர்கள் முன் உட்கார வைத்தது. அன்றிரவு நடந்ததில் தன் பங்குக்காக அந்தப் பெண் வருந்துகிறார் என்று அணியே டுவிட்டரில் போட்டது. அடி வாங்கியவர் வருத்தம் தெரிவிக்கிறார், பாருங்கள்! ஜூலையில், போட்டிகளை நடத்தும் லீக் விதித்தது வெறும் 2 ஆட்டத் தடை. செப்டம்பரில், மின்தூக்கிக்குள் அவர் குத்திய காட்சி வெளியான அன்றுதான் அணி அவரை நீக்கியது. அடி அதே அடிதான். பிப்ரவரியில் கண்ணுக்குத் தெரியாதது செப்டம்பரில் தெரிந்தது, அவ்வளவுதான். காணொளி இல்லை என்று செய்தியைச் சுருக்காதீர்கள். இருக்கிறதே என்று அந்தப் படத்தைப் பெரிதாகப் போடவும் வேண்டாம்.

அப்புறம், காசு. கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டைப் போட்டிகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனத்தின் தலைவர் டேனா வைட், 2022 டிசம்பர் 31 இரவு மனைவியை அறைந்தார், பிறகு அந்தக் காணொளி வந்தது (முதலில் மனைவி அறைந்தார், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்). அப்போது அமெரிக்காவில் யுஎஃப்சி ஒளிபரப்பு உரிமை ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சியின் கையில் இருந்தது. இப்படிக் காசு கொடுத்து உரிமை வாங்கிய நிறுவனத்தின் செய்தியை மட்டும் நம்பி எழுதாதீர்கள்.

சரி, உள்ளூர்க்காரராக இருந்தால்? ஒருவருக்கு எதிராகத் தனிநபர் பாதுகாப்பு உத்தரவு வந்தாலே ‘குற்றவாளி’ என்று எழுதிவிடாதீர்கள். மாதர் சாசனம் என்ற சட்டத்தின்கீழ் அது குடும்ப நீதிமன்றம் தரும் பாதுகாப்பு. அதை மீறுவதுதான் குற்றம். மனைவியின் பெயர், பிள்ளைகளின் பள்ளி, புளோக் எண் எதுவும் வேண்டாம். செய்திக்குக் கீழே 1800-777-0000 என்ற தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண்ணைக் கட்டம் கட்டிப் போடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.