பரணில் கிடைத்தவை: கேள்வியும் பதிலும்

குன்னூர் வட்டாரத் தேயிலை எஸ்டேட் அலுவலகங்களில் கணக்கு இயந்திரங்களையும் தட்டச்சுப் பொறிகளையும் முப்பது ஆண்டுகள் பழுது பார்த்தவன் என்ற ஒரே தகுதியில், பழைய பொருள்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். எந்தப் பொருளுக்கும் நான் விலை சொல்வதில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

கோத்தகிரி வாசகர்: ஐயா, பழைய எஸ்டேட் பங்களாவின் பரணில் கைப்பிடி வைத்த ஃபேசிட் கணக்கு இயந்திரம் ஒன்று கிடைத்தது. கைப்பிடி அசையவே இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தும் பயனில்லை. இது எப்படி வேலை செய்யும்?

பதில்: தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். சமவெளியில் எண்ணெயாக இருப்பது நம் ஊர் மார்கழியில் மெழுகாகிவிடும் என்பது உங்கள் குளியலறைப் புட்டியைப் பார்த்தாலே தெரியும். ஏற்கெனவே காய்ந்து இறுகிய கிரீஸின் மேல் நீங்கள் மெழுகையும் பூசியிருக்கிறீர்கள். கைப்பிடியை வலிந்து திருப்பாதீர்கள், பல் வளைந்தால் மாற்றுப் பல் கிடைக்காது. மேல்மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் பழைய பிசுக்கை எடுத்துவிட்டு, நன்றாக உலர்ந்தபின் தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

வேலை செய்யும் விதம்தான் அழகு. ஃபேசிட் ஸ்வீடன் நாட்டு நிறுவனம். நீங்கள் ஓர் இலக்கத்தை அழுத்தும்போது, உள்ளே இருக்கும் உருளையில் அத்தனை முளைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால், நீட்டியிருக்கும் முளைகள் கீழேயுள்ள எண் சக்கரங்களை அத்தனை பற்கள் நகர்த்தும், அதாவது அந்த எண் ஒருமுறை கூட்டப்படும். 347ஐ 26ஆல் பெருக்க வேண்டுமென்றால் இருபத்தாறு முறை சுற்ற வேண்டியதில்லை. ஆறு சுற்றுச் சுற்றி, ஓர் இலக்க இடம் நகர்த்தி, மேலும் இரண்டு சுற்றுச் சுற்றினால், எட்டே சுற்றில் 9022 வந்து நிற்கும். வகுத்தல் என்பது எதிர்ப்பக்கம் சுற்றித் திரும்பத் திரும்பக் கழிப்பதுதான், அளவுக்கு மீறிக் கழித்துவிட்டால் மணி அடிக்கும். 1970களின் தொடக்கத்தில் மின்னணுக் கால்குலேட்டர்கள் வந்த வேகத்தில் இந்த இயந்திரங்களுக்கான சந்தையே சரிந்துவிட்டது.

குன்னூர் வாசகர்: 9999999 விளையாட்டுகள் என்று அச்சிட்ட வீடியோ கேம் கேசட்டில் உண்மையில் எத்தனை இருக்கும்?

பதில்: பெரும்பாலும் சில விளையாட்டுகளே இருக்கும். 1983இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவியின் நகல் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்டவை இவை. ஒரே விளையாட்டை வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டிப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். தொடர்புமுனையை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் செம்பை அரிக்கும், நம் ஊரில் அதற்கு மூடுபனி ஒன்றே போதும்.

உதகை வாசகர்: என் அப்பாவின் கேமரா லென்ஸுக்குள் சிலந்தி வலை போலத் தெரிகிறது.

பதில்: அது பூஞ்சை. மற்ற லென்ஸுகளிலிருந்து இன்றே பிரித்து வையுங்கள். காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், அவ்வப்போது வெயில். தோல் உறையிலேயே வைத்திருந்தீர்கள் என்றால் பூஞ்சையை நீங்கள்தான் வளர்த்தீர்கள்.

உதகையிலிருந்து மற்றொருவர்: முத்தோரை ரேடியோ தொலைநோக்கியை மலைச்சரிவில் கோணலாகக் கட்டியது இடப் பற்றாக்குறையாலா?

பதில்: பழுது பார்க்கும் துறை அன்று என்றாலும், இந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970இல் இயங்கத் தொடங்கிய அந்த உருளைக் கிண்ணம் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி, அந்தச் சரிவும் தெற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 11 டிகிரி ஏறுகிறது. ஆகவே தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். பிற ஊர்களில் இரும்பால் செய்யும் சாய்வுத் தாங்கியை இங்கே மலையே செய்து கொடுத்திருக்கிறது.

கொடைக்கானல் வாசகர்: எங்கள் ஊரும் 10 டிகிரியில்தான் இருக்கிறது, சரிவுக்கும் பஞ்சமில்லை. வானியலில் நாங்கள்தான் மூத்தவர்கள்!

பதில்: மூப்பை மறுக்கவில்லை. உங்கள் சூரிய ஆய்வுக்கூடம் 1899இல் தொடங்கியது, 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்ததும் அங்கேதான். ஆனால் சரிவு இருந்தால் மட்டும் போதாது. அது வடக்கு நோக்கிச் சரியான கோணத்தில், அரை கிலோமீட்டருக்கு ஒரே சீராக ஏற வேண்டும். செங்குத்து மலை விளிம்பில் போகும் உங்கள் கோக்கர்ஸ் வாக் நடைபாதையின் கீழே இருப்பதைச் சரிவு என்று சொல்வது உங்கள் பெருந்தன்மை.

அதே கொடைக்கானல் வாசகர்: மேகம் மூடும் உதகையில் தொலைநோக்கி எதற்கு?

பதில்: அது ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் அலைநீளத்தில் கேட்கும் கருவி, அந்த அலைக்கு மேகம் ஒரு தடையே அன்று. மேகத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியவர்கள் சூரியனைப் படம் பிடிக்கும் உங்கள் ஊர்க்காரர்கள்தாம். இதே பொருளில் இன்னும் ஐந்து கடிதங்கள் இரு மலைகளிலிருந்தும் வந்திருக்கின்றன. அவற்றுக்கும் இதுவே பதில்.

வெலிங்டன் வாசகர்: என்னிடம் இருக்கும் வால்வு ரேடியோ என்ன விலைக்குப் போகும்?

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள். அதைவிட முக்கியமாக, நேரடியாகப் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். மின்தேக்கிகள் காய்ந்திருக்கும், சீரீஸ் பல்ப் போட்டு, அதாவது மின்னோட்டத்தை மட்டுப்படுத்த வரிசையில் ஒரு பல்பை இணைத்து, பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அருவங்காடு வாசகர்: பழைய ஃபிளாப்பியில் 1.44 எம்பி என்று இருப்பது சரியான கணக்கா?

பதில்: இல்லை, வேடிக்கையான கணக்கு. அதன் கொள்ளளவு 14,74,560 பைட். அதை 1024ஆல் வகுத்து, பிறகு 1000ஆல் வகுத்தால்தான் 1.44 வரும். இருவகை அளவுகளையும் கலந்து அச்சிட்டுவிட்டார்கள்.

கூடலூர் வாசகர்: பழைய கால்குலேட்டருக்கு இப்போது நல்ல விலை என்கிறார்களே?

பதில்: முதல் பத்தி.

கோத்தகிரி வாசகர்: ஐயா, தையல் மெஷின் எண்ணெயில் கைப்பிடி சுழல்கிறது. 100ஐ 7ஆல் வகுத்தபோது மணி அடித்தது, ஆனால் இடப்பக்கம் முழுவதும் ஒன்பதுகளாக நிற்கின்றன. கெடுத்துவிட்டேனா?

பதில்: கெடுக்கவில்லை, ஒரு சுற்று அதிகமாகக் கழித்துவிட்டீர்கள். சுழியத்துக்குக் கீழே போன எண்ணை அந்தச் சக்கரங்களால் ஒன்பதுகளாகத்தான் காட்ட முடியும். கைப்பிடியை முன்பக்கமாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மணி மீண்டும் ஒருமுறை அடித்து ஒன்பதுகள் மறையும், அதன்பின் அடுத்த இலக்கத்துக்கு நகருங்கள்.