கிசுகிசுப்பதும் கிசுகிசுவும்

கேள்வி: அலுவலகத்தில் என் தோழி தன் வீட்டுக் கஷ்டத்தை என்னிடம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாளே எங்கள் இருவருக்கும் ‘கிசுகிசு பேசுகிறவர்கள்’ என்ற பெயர் வந்துவிட்டது. கிசுகிசுப்பதும் கிசுகிசு பேசுவதும் ஒன்றுதானா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஒன்றல்ல. கிசுகிசுத்தல் என்பது ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த சொல். குரல்நாண்கள் அதிராமல் மூச்சைக் கொண்டு மட்டும் பேசும்போது அருகில் இருப்பவரின் காதில் விழும் ஓசையே அதற்குப் பெயராயிற்று. திரைத்துறையினரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் எழுதப்படும் துணுக்குகளும் ‘கிசுகிசு’ என்றே வழங்கப்பட்டதால், குரலைக் குறித்த சொல் வம்பையும் குறிக்கலாயிற்று. உங்கள் மேல் விழுந்த பழியில் இந்தச் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு.

கல்யாணப் பந்தியில் பெண்ணின் சித்தப்பா சமையல்காரரின் காதருகே குனிந்து, “சாம்பார் அடுத்த பந்திக்கு வருமா?” என்று கேட்பதும் கிசுகிசுப்புத்தான். இலை முன் அமர்ந்திருப்பவர்களின் மனம் சுருங்கிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அந்தக் குரல் தணிகிறது. குழாயடியில் நான்கு குடங்களுக்கு அப்பாலும் கேட்கும்படி அடுத்த தெருப் பெண்ணின் நடத்தையை அலசுகிறவர்களோ குரலைத் தாழ்த்துவதே இல்லை. ஆனாலும் அது வம்பு. குரலின் அளவைப் பார்க்காமல், பேசப்படுகிறவர் அங்கே இருக்கிறாரா என்பதையே பார்க்க வேண்டும். புறங்கூறாமை அதிகாரத்தில் வள்ளுவர், ஒருவர் எதிரே நின்று இரக்கமின்றிச் சொன்னாலும் சொல்லலாம், அவர் இல்லாதபோது பின்விளைவை எண்ணாத சொல்லைச் சொல்லாதே என்கிறார் (குறள் 184).

நம் முன்னோர் இந்த வம்பையே மேலும் நுட்பமாக அம்பல், அலர் என்று இரண்டாகப் பகுத்தார்கள். ஊருக்குத் தெரியாமல் நடக்கும் களவுக் காதலை இவ்விரண்டும் வெளிப்படுத்தும் என்பது தொல்காப்பியம். காதல் ஒழுக்கத்தைச் சொல்லும் இலக்கண நூலான இறையனார் அகப்பொருளின் உரை, அம்பலை மொட்டு முகிழ்ப்பதற்கு ஒப்பிடுகிறது. ஏதோ நடக்கிறது என்ற சாடை மட்டும் இருக்கும், இன்னது என்று தெளிவாகாது. இன்னானுக்கும் இன்னாளுக்கும் இடையே இன்னது என்று விளங்கச் சொல்லிவிட்டால் அது அலர், அதாவது மலர்ந்துவிட்ட பேச்சு.

அம்பல் எப்படி இருக்கும் என்பதை நற்றிணை 149-ஆம் பாடலில் உலோச்சனார் கண்முன் நிறுத்துகிறார். தெருப் பெண்கள் சிலராகவும் பலராகவும் கூடிக் கடைக்கண்ணால் பார்க்கிறார்கள். சுட்டுவிரலை மூக்கின் நுனியில் வைக்கிறார்கள். அதைத் தொடர்ந்து வீட்டில் தாய் சிறுகோலை எடுத்து மகளை அடிக்கிறாள். மூக்கின் மேல் விரல் வைக்கும் வழக்கம் இத்தனை நூற்றாண்டுகள் கழித்தும் நம் தெருக்களில் அப்படியே இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இரண்டிலும் அம்பலே கொடியது என்பது என் கருத்து. அலருக்காவது பதில் சொல்லலாம். ‘நான் அங்கே போகவே இல்லை’ என்று மறுக்கலாம். அகப்பாடல்களில் அலரால் நன்மை விளைவதும் உண்டு: ஊர் பேசுகிறது என்பதைத் தலைவனிடம் எடுத்துச் சொல்லி, விரைவில் மணந்துகொள்ளுமாறு தோழி தூண்டுவாள். ஊரார் பேச்சே எருவாகவும் அன்னையின் கடுஞ்சொல்லே நீராகவும் தன் காதல் நோய் வளர்வதாகக் குறளின் தலைவி சொல்கிறாள் (1147). அம்பலில் மறுப்பதற்கு ஒரு வாக்கியம்கூட இருப்பதில்லை. அதற்கு ஆளானவர் தன்மேல் சுமத்தப்பட்டது எதுவென்றே அறியாமல் தவிக்க வேண்டியதுதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தோழி பேசியது தன் சொந்தத் துயரத்தை. அதைக் கேட்க வேண்டியவர் நீங்கள் ஒருவரே என்பதால்தான் குரலைத் தாழ்த்தினாள். அதில் வம்பு எங்கே இருக்கிறது? அன்று உங்கள் மேசைப் பக்கம் பார்த்து, என்ன பேச்சென்று தெரியாமலேயே மற்றவர்கள் தங்களுக்குள் காட்டிக்கொண்ட சாடைக்குத்தான் அம்பல் என்று பெயர். அவர்களுக்கு விளக்கம் சொல்வதற்காகத் தோழியின் கஷ்டத்தை வெளியே சொல்லிவிடாதீர்கள்.