என்-3 விரிவாக்கம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே என்-3 நெடுஞ்சாலையை தேசிய சாலை முகமையான சன்ரால் அகலப்படுத்தி வருகிறது. அது பற்றி நம்மவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சாலைத் திட்டமிடல்தான் என் தொழிலாக இருந்தது.

சாட்ஸ்வர்த் வாசகர்: ஐயா, சரக்கை ரயிலில் ஏற்றினால் போதாதா? சாலைக்கு ஏன் இவ்வளவு பணம்?

ரயில் மீண்டாக வேண்டும். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ரயில் நாளையே சீரானாலும் இந்தச் சாலையின் கோளாறு தீராது. அகலக் குறைவைவிட ஏற்றம்தான் பெரிய சிக்கல். டர்பன் துறைமுகம் கடல் மட்டத்தில் இருக்கிறது, இந்தச் சாலை போய்ச் சேரும் ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில். லாரி டர்பனை விட்டதுமே மலையேறத் தொடங்கிவிடுகிறது. சட்டம் 56 டன் வரை அனுமதிக்கிறது. அத்தனை பாரத்தோடு கீ ரிட்ஜ் மேட்டில் ஊர்ந்து ஏறும் லாரிக்குப் பின்னால், 120 கிலோமீட்டர் வேகத்துக்குப் பழகிய கார்கள் வருகின்றன. பல விபத்துகளுக்கு இந்த வேக வேறுபாடுதான் காரணம். இறக்கம் இன்னும் மோசம்: பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிறது. அதனால்தான் கீ ரிட்ஜில் பழைய தடத்தை அகலப்படுத்துவதோடு நிற்காமல் புதிய தடமே அமைக்கிறார்கள். என் பார்வையில் மொத்தத் திட்டத்திலும் மிகத் தேவையான வேலை அது.

பைன்டவுன் இளைஞர்: அண்ணா, பணி முடிந்தால் நெரிசல் போய்விடுமா?

சில ஆண்டுகளுக்குக் குறையும் தம்பி. சாலை சுகமானதும் புதிய கிடங்குகளும் குடியிருப்புகளும் அதன் ஓரமாகவே எழும், வண்டிகளும் பெருகும். முன்பு சொன்ன ரயிலை அதனால்தான் கைவிடக் கூடாது.

கேட்டோ ரிட்ஜ் அம்மா ஒருவர்: எங்கள் பாட்டனார் காலத்துச் சிறு கோயிலும் சில கல்லறைகளும் சாலைக்கு அருகில் இருக்கின்றன. இடித்துவிடுவார்களா?

அம்மா, இதற்கு விரிவாகவே சொல்கிறேன். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி, 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தை மரபுவள அதிகாரிகளின் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ முடியாது. உள்ளாட்சி நிர்வகிக்கும் இடுகாட்டுக்கு வெளியே இருக்கும் அந்த வயதுக் கல்லறைகளுக்கும் அனுமதி வேண்டும். ஆனால் அங்கே ஒரு கோயில் இருக்கிறது என்பதே வரைபடம் தயாரிப்பவருக்குத் தெரியாமல் போகலாம். கரும்புத் தோட்ட நிலத்தில் நம் முன்னோர் எழுப்பிய கோயிலுக்குத் தனிப் பத்திரம் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்காக மக்கள் கருத்துக் கேட்கும் கட்டத்திலேயே பெயரைப் பதிவு செய்யுங்கள். பழைய புகைப்படம், திருவிழா அழைப்பிதழ், கல்லறையில் உள்ள ஆண்டு, பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம் எல்லாவற்றையும் இணையுங்கள். அந்தக் கட்டத்தில் தடத்தைச் சற்று நகர்த்துவது காகிதத்தில் ஒரு கோட்டை மாற்றும் வேலை. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அதையே கேட்டால் கோடிக்கணக்கில் செலவு என்பார்கள். நிலம் எடுப்பதாக இருந்தால், அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. சந்தை விலையோடு அந்த நிலத்தின் வரலாறும் பயன்பாடும் கணக்கில் வர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

டோங்காட் வணிகர்: டோல் கட்டணத்தைத் தவிர்க்க லாரிகள் எங்கள் ஆர்-102 சாலை வழியாகப் போகின்றன. என்-3இலும் அப்படி ஆகுமா?

என்-3இல் உள்ள மேரியன்ஹில் டோலைத் தவிர்ப்பவர்களுக்கு பழைய ஆர்-103 சாலை இருக்கிறது. கட்டணத்தை நிர்ணயிக்கும்போதே, எத்தனை லாரிகள் ஊர்ச் சாலைக்குத் திரும்பும் என்று கணக்கிட வேண்டும். அந்தச் சாலையைப் பராமரிக்க யார் பணம் தருவது என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். மக்கள் ஏற்காத கட்டணம் நிற்காது. கௌடெங் மாகாணத்தின் இ-டோல் எனும் மின்னணுச் சாலைக் கட்டணம் 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டதைப் பார்த்தோமே.

வெருலம் ஆசிரியை: 2022 ஏப்ரல் வெள்ளம் போல மீண்டும் வந்தால் புதிய சாலை தாங்குமா?

சாலைக்கு அடியில் நீர் போகும் மதகின் அளவைப் பொறுத்தது. பழைய மழைக் கணக்கை வைத்துக் கட்டிய மதகுகள் இனிப் போதா. புதிய தார்ப் பரப்பில் விழும் மழைநீரும் கீழே உள்ள குடியிருப்புகளுக்குத்தான் வரும். உங்கள் தெருவில் அன்று தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் அளந்து, படம் எடுத்து, அருகிலுள்ள சாலையோரக் கிலோமீட்டர் பலகையின் எண்ணோடு அனுப்புங்கள். எந்த மதகைப் பெரிதாக்க வேண்டும் என்று பொறியாளர் அதைக் கொண்டு கண்டுபிடிக்க முடியும்.