பாடகியும் வாத்தியங்களும் ஒரே அறையில்

கேள்வி: எந்த நிறுவனத்தையும் சாராமல் என் பாடல்களை நானே வெளியிட்டு வருகிறேன். அடுத்து எட்டுப் பாடல்கள் கொண்ட ஒரு ஜாஸ் ஆல்பம் செய்ய ஆசை. பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றையும் கணினியிலேயே அமைத்துவிட்டால் செலவு மிச்சம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கலைஞர்களை நேரில் வாசிக்கவைத்துப் பதிவு செய்வதில் அப்படி என்ன வேறுபாடு இருக்கிறது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நாதத்தை மட்டும் வைத்துக் கேட்டால், கணினியில் இன்று கிடைக்கும் பியானோ ஒலி பெரும்பாலும் ஒரு நிஜப் பியானோவிலிருந்து ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்து எடுக்கப்பட்டதுதான், கேட்பவர்களில் பலருக்கு வேறுபாடு பிடிபடாமலே போகலாம். ஆனால், ஜாஸ் இசையின் உயிர் கலைஞர்கள் ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதில் இருக்கிறது. நீங்கள் ஒரு சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்தள்ளிப் பாடும்போது, டிரம்ஸ் கலைஞர் அதைக் காதில் வாங்கி, கம்பி இழைகளாலான பிரஷ்ஷை ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் தோலில் மெல்லத் தேய்த்தபடி உங்களுக்கு இடம் விடுவார். பியானோ கலைஞர் வாசிக்க நினைத்த கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) வாசிக்காமல் விட்டு, நீங்கள் மூச்செடுக்கும் இடைவெளியில் அதைக் கொண்டுவந்து வைப்பார். நம் கச்சேரியில் பாடகர் நிரவலில் ஒரு வரியை விரிக்கும்போது மிருதங்கக்காரர் அடக்கி வாசித்துக் கூடவே வருகிறாரே, அதே உறவுதான் இது. முன்கூட்டியே அமைத்துவைத்த தாளத்தால் அது முடியாது. அதன் பின்னால் ஓடுவது ஒன்றே உங்களுக்கு மிஞ்சும் வேலையாகிவிடும்.

உங்கள் நிலையில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வளர்ந்த ஜாஸ் பாடகி பெட்டி கார்ட்டர், 1948இல் லயனல் ஹாம்ப்டனின் இசைக்குழுவில் பாடத் தொடங்கியவர்; 1961இல் பாடகர் ரே சார்ல்ஸுடன் இணைந்து ஒரு ஆல்பமும் செய்தவர். அப்படிப்பட்டவர், பெரிய நிறுவனங்கள் கேட்ட வகைப் பாட்டைப் பாட மனமின்றி, 1970ஐ ஒட்டி 'பெட்-கார்' என்ற பெயரில் சொந்த லேபிளைத் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தம் இசைத்தட்டுகளைத் தாமே வெளியிட்டார். அவற்றில் தலையாயது 'தி ஆடியன்ஸ் வித் பெட்டி கார்ட்டர்'. 1979 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் கிரேட் அமெரிக்கன் மியூசிக் ஹாலில், ரசிகர்கள் முன்னிலையில், பியானோவில் ஜான் ஹிக்ஸ், பேஸில் கர்ட்டிஸ் லண்டி, டிரம்ஸில் கென்னி வாஷிங்டன் என்ற மூவருடன் மட்டும் பதிவு செய்யப்பட்ட இரட்டை இசைத்தட்டு அது. அதில் ஒரு பாடல் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடுகிறது. வேகத்தை அவர் எங்கே மாற்றினாலும் மூவரும் பிசகாமல் கூடவே திரும்புவதைக் கேளுங்கள். உங்கள் கேள்விக்கு என்னைவிட அந்தப் பதிவு நன்றாகப் பதில் சொல்லும். 1980களின் பிற்பகுதியில் வெர்வ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவரை ஏற்றுக்கொண்டு, அவருடைய பழைய தட்டுகளையும் மறுவெளியீடு செய்தது. 1989இல் கிராமி விருதும் கிடைத்தது.

கேள்வி: எல்லோரையும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டுமா, தனித்தனியாகச் செய்து பிறகு சேர்த்துக்கொள்ளலாமா? எத்தனை நாள் ஸ்டுடியோ எடுக்க வேண்டும்? (அதே வாசகி)

பதில்: மூன்று வாத்தியங்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொருவராக வந்து, தாளத்தை எண்ணிக் காட்டும் 'கிளிக்' ஓசையைக் காதில் கேட்டு வாசித்துவிட்டுப் போவதாக இருந்தால், கலைஞர்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கு நீங்கள் தேடுவது கிடைக்காது. சிக்கல் ஒலிக்கசிவில்தான் வரும். டிரம்ஸின் சிம்பல் ஓசை உங்கள் மைக்கில் விழும். உங்கள் குரல் பியானோ மைக்கில் விழும். பிறகு ஒரு சொல்லை மாற்றிப் பாடினாலும், பழைய சொல் பியானோ டிராக்கில் நிழல்போல் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் உடனிருந்த ஒரு பதிவில் இதே காரணத்தால், அருமையாக அமைந்த ஒரு டேக்கைப் பாடகி கைவிட நேர்ந்தது. வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆகவே, கண்ணாடி வைத்த தனிச் சிற்றறை உள்ள ஸ்டுடியோவாகப் பாருங்கள். நீங்கள் அதற்குள் நின்று பாடலாம். மற்ற மூவரின் முகமும் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனெனில் பாடலை முடிப்பதும் வேகத்தைத் தணிப்பதும் கண்ஜாடையில் நடப்பவை. பியானோவின் மூடியைப் பாதியளவே திறந்து, மேலே கனமான போர்வையைப் போர்த்தினால் கசிவு கணிசமாகக் குறையும்.

நாட்கணக்கைப் பொறுத்தவரை, ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில் பதிவானது என்று பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அதை நம்பி ஒத்திகையைக் குறைத்துவிடாதீர்கள். அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இரவுதோறும் மேடையில் வாசித்துப் பழுத்தவர்கள். முதலில் உங்கள் மூவரோடு சிறு அரங்குகளில் பத்து நிகழ்ச்சிகளாவது பாடுங்கள். அதன் பிறகு எட்டுப் பாடல்களுக்கு மூன்று நாள் போதும். ஒத்திகைக்கான பணத்தைக் குறைத்து ஸ்டுடியோவில் கூடுதல் நாட்கள் எடுப்பது, என் அனுபவத்தில், ஒருபோதும் பயன் தந்ததில்லை.

கேள்வி: பணத்துக்கு ரசிகர்களையே அணுகலாமா? (வாசகர், மதுரை)

பதில்: தாராளமாக அணுகலாம். அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர் 2004இல் வெளியிட்ட 'கான்சர்ட் இன் த கார்டன்' ஆல்பத்துக்கான பணத்தை ஆர்ட்டிஸ்ட்ஷேர் தளத்தின் வழியே ரசிகர்களிடமிருந்தே திரட்டினார். கடைகளுக்கே வராத அந்த ஆல்பம் 2005இல் கிராமி பெற்றது. பணம் தந்தவர்களுக்கு, இசை உருவாகும் விதத்தையும் அவர் படிப்படியாகக் காட்டினார்; அதனால் அவர்கள் நன்கொடையாளர்களாக இல்லாமல் உடனிருப்பவர்களானார்கள். இன்னொன்று: வாத்தியக் கலைஞர்களுக்கு நாள் சம்பளம் எவ்வளவு, பின்னால் வரும் வருமானத்தில் பங்கு உண்டா என்பதைப் பதிவுக்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புகழ்பெற்ற பழைய ஜாஸ் பாடல்களையே பாடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: உரிமம் பெற்றுப் பாடலாம். ஆனால், காப்புரிமை மெட்டுக்கும் வரிகளுக்கும் உரியது. பொதுவாக கார்டு வரிசைக்கு அது பொருந்தாது. ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930இல் இசையமைத்த 'ஐ காட் ரிதம்' பாடலின் கார்டு வரிசைமேல் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் முதலானோர் எத்தனையோ புதிய மெட்டுகளைக் கட்டியிருக்கிறார்கள். அந்த வரிசைக்கு 'ரிதம் சேஞ்சஸ்' என்று பெயர்; உங்கள் பியானோ கலைஞரிடம் அப்படிச் சொன்னால் அடுத்த நொடியே வாசிக்கத் தொடங்கிவிடுவார். அதன்மேல் உங்கள் தமிழ் வரிகளைப் பாடிப் பாருங்கள்.