டாக்டராகாமல் இதய நோயை ஆராய முடியுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

"நோயாளியின் கையைக்கூடப் பிடிக்காதவள் இதய நோய்க்கு என்ன செய்துவிடப் போகிறாள்?" என்று, ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் உங்கள் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நிறையவே செய்யலாம்.

இரத்தத்தில் கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பைக் குறைக்கக் கோடிக்கணக்கானோர் தினமும் விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரைக்கு வழி திறந்த ஜப்பானியர் அகிரா எண்டோ வேளாண் துறையில் பட்டம் பெற்றவர். மருந்து நிறுவனம் ஒன்றில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973இல் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அந்த வகையில் முதல் மாத்திரை விற்பனைக்கு வந்தது 1987இல்தான். இடையில் எத்தனை ஆண்டுகள் என்று மகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். இந்தத் துறையின் வேகம் அதுதான்.

அமெரிக்கரான ராபர்ட் ஃபர்ச்காட் உயிர்வேதியியலில் முனைவர். அசிட்டைல்கோலின் என்ற பொருள் இரத்தக் குழாயைச் சில சமயம் தளர்த்தியது, சில சமயம் சுருக்கியது. இந்த முரண்பாட்டை அவர் ஒதுக்கிவிடவில்லை. குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியச் செல்கள், சோதனைக்காகக் குழாயைத் துண்டு வெட்டும்போது உரசிப் போயிருந்தால் தளர்வு நிகழாது என்று 1980இல் காட்டினார். அந்தச் செல்கள் விடும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பிறகு தெரியவந்தது. 1998இல் மற்ற இருவரோடு நோபல் பரிசு பெற்றார்.

மருத்துவம் படித்தவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் டாக்டர்கள். பரம்பரையாகக் கொழுப்பு எகிறும் நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்து, எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பைச் செல்லுக்குள் வாங்கிக்கொள்ளும் ஏற்பியை (receptor) கண்டுபிடித்தார்கள். அதற்கு 1985இல் நோபல் கிடைத்தது.

ஆகவே மகளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நோயாளிக்குச் சிகிச்சை தரும் பொறுப்பும் வேண்டுமா? வேண்டுமென்றால் மருத்துவப் பட்டம் இல்லாமல் முடியாது. செல்களையும் மரபணுக்களையும் ஆராய்ந்தால் போதுமென்றால் உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், மருந்தியல் எதில் தொடங்கினாலும் சரி. பிறகு முதுநிலை, முனைவர் பட்டம். புள்ளியியலும் கொஞ்சம் நிரலெழுதலும் கட்டாயம் கற்கட்டும். உயிரியல் மாணவர்கள் கணக்கைக் கண்டு ஒதுங்குவது எனக்குப் புரியாத விஷயம்.

தோல் செல்லை, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஆரம்ப நிலைக்குப் பின்னோக்கித் திருப்பி, அதிலிருந்து இதயத் தசைச் செல்லை உருவாக்கினால் அது ஆய்வகத் தட்டிலேயே துடிக்கும். வீடியோவில் பார்த்து மயங்குகிறார்கள். தட்டில் பூஞ்சை தொற்றி வாரக்கணக்கான உழைப்பு குப்பைக்குப் போவது வீடியோவில் வராது. அதனால் ஒரு விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து பார்க்கட்டும். சோதனை சொதப்பிய நாளிலும் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதுகிறாளா என்று நீங்களே கவனியுங்கள். மதிப்பெண்ணைவிட அதைத்தான் நான் நம்புவேன்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசிவிடலாம். முனைவர் பட்டத்துக்கே நான்கைந்து ஆண்டுகள் ஆகும், உதவித்தொகையில்தான் ஓட்ட வேண்டும். அதன்பின் தற்காலிக ஆய்வுப் பணி. நிலையான வேலை முப்பது வயதைத் தாண்டியே அமையலாம். எல்லாருக்கும் பேராசிரியர் பதவி கிடைப்பதுமில்லை. மருந்து நிறுவனம், மருந்துப் பரிசோதனை நிர்வாகம், நோயறிதல் கருவித் துறை என்று பலர் போகிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். அவளுடைய சம்பளம் சீக்கிரமே குடும்பத்துக்குத் தேவைப்படும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

முனைவர் பட்டத்துக்குச் சேரும் நேரத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட வழிகாட்டி யார் என்று பாருங்கள். அவரிடம் முன்பு படித்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அந்த மாணவர்களிடமே அவள் விசாரிக்கட்டும்.