எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் ஓடலாமா?

அன்புள்ள அக்கா,

ஜனவரியில் சென்னை மாரத்தான். இதுவரை அரை மாரத்தான்தான் ஓடியிருக்கிறேன், முழு மாரத்தான் இதுதான் முதல் முறை. ஈசிஆரில் 30 கிலோமீட்டர் ஓடிய மறுநாளிலிருந்து வலது பாதத்தின் மேல்பக்கம் வலிக்கிறது, லேசாக வீக்கமும் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். கூட ஓடுகிறவர்கள் "டேப் ஒட்டிக்கொண்டு ஓடு, எல்லோருக்கும் வருவதுதான்" என்கிறார்கள். இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. இப்போது நிறுத்தினால் இத்தனை மாத உழைப்பும் வீணாகிவிடுமே என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

ஓடாதீர்கள். நாளைக் காலையும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னும் வேண்டாம். நான் டாக்டர் இல்லை, நெடுநாளாக ஓடுகிறவள், அவ்வளவுதான். ஆனால் நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் பாதத்தின் மேல்பக்கம் வலியும் வீக்கமும் என்று யார் சொன்னாலும், எலும்பில் விரிசல் இல்லை என்று உறுதியாகும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததை நம்பாதீர்கள். ஓயாமல் மோதி மோதி வருகிற மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள ஆரம்பித்த பிறகுதான் அந்த இடத்தில் தடிப்பு தெரியும். 1855இல் பிரெய்தாப்ட் என்கிற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் இப்படி வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். அது எலும்பு முறிவு என்று தெரிய நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது, 1895இல் எக்ஸ்ரே வந்தபிறகு 1897இல்தான் படத்தில் பார்த்தார்கள். உங்கள் விஷயத்தில் எம்ஆர்ஐதான் சரியாகச் சொல்லும். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிற ஆர்த்தோ டாக்டராகப் பார்த்துப் போங்கள், "எந்த இடத்தில் வலி" என்று அவர் விரலால் தொட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

அதை இன்றே வீட்டிலும் செய்து பார்க்கலாம். தரையில் உட்கார்ந்து பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரல் நுனியால் ஒவ்வொரு கால்விரலுக்கும் பின்னால் போகிற நீள எலும்பை மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். பாதம் முழுக்கப் பரவலாக வலித்தால் ஷூ லேஸை இறுக்கிக் கட்டியதால் மேலே இருக்கிற தசைநார் புண்ணாகியிருக்கலாம். ஆனால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே இடத்தில், தொட்டதும் காலை இழுத்துக்கொள்கிற மாதிரி வலித்தால் அது எலும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது, மூன்றாவது விரல் எலும்பு என்றால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் கூடிவிடும். கணுக்காலுக்குச் சற்று முன்னால் பாத வளைவின் உச்சியில் வலித்தாலோ, சுண்டுவிரலுக்குப் பின்னால் போகிற நீள எலும்பின் கணுக்கால் பக்க முனையில் வலித்தாலோ ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் ஸ்க்ரூ போடுகிற அளவுக்குப் போகும்.

உங்கள் நண்பர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்களுக்கு வந்தது குதிகால் வலியாக இருந்திருக்கும், காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போகும், நாலு எட்டு நடந்ததும் குறைந்துவிடும். அந்த வலியோடு ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்கிச் சமாளிக்கிறவர்கள் நிறைய. எலும்புக்கு அந்த வைத்தியம் ஆகாது.

ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் மாரத்தானில் வெண்கலம் வாங்கிய டீனா காஸ்டருக்கு 2008 பெய்ஜிங்கில் சுமார் ஐந்தாவது கிலோமீட்டரிலேயே பாத எலும்பு உடைந்தது, ஓட்டத்தை விட்டு விலகினார். பிறகு பரிசோதித்ததில் வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தது தெரிந்தது. நம் ஊரில் இவ்வளவு வெயில் இருந்தும் இந்தக் குறைபாடு சர்வ சாதாரணம், அதனால் ரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு அக்காவாகக் கேட்கிறேன், பயிற்சி கூடக்கூட மாதவிலக்கு தள்ளிப்போகிறதா? எடை குறைய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்தீர்களா? ஓடுகிற பெண்களுக்கு எலும்பில் விரிசல் விழ இது பெரிய காரணம், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

உழைப்பு வீணாகும் என்ற பயத்துக்கு வருகிறேன். பாதம் தரையில் மோதாமல் நெஞ்சுக்கு வேலை கொடுக்க வழி இருக்கிறது. டாக்டர் சம்மதித்தால் நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில், இடுப்பில் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு, கால் தரையைத் தொடாமல் தண்ணீருக்குள் ஓடுங்கள். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், முழங்கால் மேலே வரவேண்டும், கை வீச்சு ரோட்டில் ஓடுவது போலவே. முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நகராது, பக்கத்தில் குதிக்கிற பிள்ளைகள் எல்லாம் உங்களைப் பார்ப்பார்கள். இரண்டு நிமிடம் வேகமாக, ஒரு நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றிச் செய்தால் அரை மணியில் மூச்சு வாங்கிவிடும். இப்படியே நான்கு முதல் ஆறு வாரம் தாக்குப்பிடித்தவர்களின் தெம்பு பெரிதாகக் குறைவதில்லை.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். மாத்திரை வலியைத்தான் மறைக்கும், விரிசலை இல்லை. 42 கிலோமீட்டர் வியர்த்து ஓடும்போது சிறுநீரகத்துக்கும் அது ஆபத்து.

விரிசல் என்று உறுதியானால் இந்த ஜனவரி இல்லை, சரி, அடுத்த ஜனவரி இருக்கிறது. பதிவை அடுத்த வருடத்துக்கு மாற்ற முடியுமா என்று நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். முடியாது என்றாலும் பிப்பை, அதாவது நெஞ்சில் குத்திக்கொள்கிற எண் அட்டையை, வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். ஓடுகிறவர் வழியில் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு அந்த எண்ணை வைத்து உங்கள் பெயரையும் உங்கள் வீட்டு போன் நம்பரையும்தான் எடுக்கும்.

எம்ஆர்ஐயில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.