பாலத்தைப் படம் எடுத்ததற்கு யாருக்கும் பணம் தர வேண்டாம்

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். பல ஆண்டுகளாக எங்கள் ஊரைப் படம் எடுத்து வருகிறேன். நெல்லையப்பர் கோயில் கோபுரம், தேவாலயத்தின் ஊசிக் கோபுரம், சுலோசன முதலியார் பாலம், குறுக்குத்துறை, தாமிரபரணிப் படித்துறைகள், அண்மையில் வரைந்த ஒரு சுவர் ஓவியம் ஆகியவற்றின் படங்களைச் சேர்த்து நாட்காட்டி அச்சிட்டு விற்க ஆசை. அச்சுத் தரகர் ஒருவர், ஒவ்வொரு கட்டடத்துக்கும் பதிப்புரிமை அனுமதி வேண்டும் என்று சொல்லி முன்பணம் வாங்கினார். இப்போது மேலும் பணமும், படங்களின் அசல் கோப்புகளும், ஒரு தாளில் என் கையெழுத்தும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. கொடுத்ததையும் திரும்பக் கேளுங்கள்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஒரு கட்டடத்தைப் படம் எடுப்பதும் அந்தப் படத்தை வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது. நேற்றுக் கட்டிய கட்டடத்துக்கும் இது பொருந்தும். பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிலைகளுக்கும் அப்படியே. உங்கள் பட்டியலில் உள்ள கோபுரங்களுக்கோ பதிப்புரிமை என்ற பேச்சே எழாது. அவற்றைக் கட்டியவர்கள் மறைந்து பல தலைமுறை ஆகிவிட்டது. பாலம் 1843-இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொட்டி ஊருக்குக் கொடுத்தது. அதைப் படம் எடுத்ததற்கு ஒருவர் கட்டணம் வசூலிக்கிறார் என்று படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அவர் தந்த ரசீதின் நகலைப் பார்த்தேன். கடையில் விற்கும் சாதாரண ரசீதுப் புத்தகத்தில் கிழித்த தாள். 'அனுமதி வகைக்கு' என்று பேனாவால் எழுதியிருக்கிறது. எந்த அலுவலகம், என்ன கோப்பு எண், யார் வழங்கும் அனுமதி என்று ஒன்றும் இல்லை. முத்திரையும் இல்லை, கீழே ஒரு கிறுக்கல். இதை வைத்துக்கொண்டு நீங்கள் எந்த அலுவலகத்திலும் எதையும் கேட்க முடியாது. அதற்காகவே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், பணம் வாங்கியதற்கு உங்களிடம் உள்ள ஒரே சான்று அது.

கோயிலுக்கு உள்ளே எடுப்பது வேறு விஷயம். அது பதிப்புரிமை அன்று, நிர்வாகத்தின் கட்டுப்பாடு. திருக்கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மண்டபமும் தூண்களும் வேண்டுமானால் செயல் அலுவலரிடம் எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ரத வீதியில் நின்று கோபுரத்தை எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது அந்தச் சுவர் ஓவியத்தை. கட்டடத்துக்கும் சிலைக்கும் கைவினைப் படைப்புக்கும் விலக்கு கொடுத்த சட்டம், பொது இடத்து ஓவியத்தைப் படம் எடுக்க அதே விலக்கைக் கொடுக்கவில்லை. திரைப்படத்தில் அது வந்தால் குற்றமில்லை என்று தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். நிழற்படத்துக்கு அந்த வரி கிடையாது. அதாவது ஒரே சுவரின் முன் நின்று நீங்கள் திரைப்படம் எடுத்தால் விலக்கு உண்டு, நாட்காட்டிக்குப் படம் எடுத்தால் இல்லை. 1957-இல் வந்த சட்டம், எத்தனையோ முறை திருத்தப்பட்டும் இந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. ஓவியர் வாழும் காலமும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். அந்த உரிமை ஓவியரிடம் இருக்கலாம், கூலி கொடுத்து வரையச் சொன்னவரிடமும் இருக்கலாம். உள்ளாட்சி அமைப்பு வரைய வைத்தது என்றால் எந்த மேசையில் கேட்பது என்று சொல்லக்கூட ஆள் கிடைக்காது. வீதிக் காட்சியில் ஒரு மூலையில் ஓவியம் தெரிகிறது என்றால் நான் அஞ்ச மாட்டேன். உங்கள் படத்திலோ ஓவியமே முழுக்க நிறைந்திருக்கிறது. உரியவரிடம் இருந்து ஒரு கடிதம் வாங்குங்கள், இல்லையேல் அந்த மாதத்துக்கு வேறு படம் போடுங்கள்.

படித்துறைப் படங்களில் குளிக்கும் பெண்கள் தெரிந்தால், சட்டத்தைப் புரட்டாமலே அவற்றை நீக்கிவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிய படம் ஏதும் சேர்ப்பதானால் அது நீங்கள் எடுத்ததாக இருக்கட்டும். கைப்பேசியில் சுற்றி வந்த படத்துக்கும் சொந்தக்காரர் உண்டு.

அனுமதிப் பணத்தைவிட அந்தக் கையெழுத்துதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. உங்கள் படங்களின் உரிமை, எடுத்த நொடியிலேயே உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை. 'பதிவு செய்யாவிட்டால் உரிமை போய்விடும்' என்று அடுத்து ஒருவர் வருவார், அவரையும் அனுப்பிவிடுங்கள். அந்த உரிமை உங்கள் கையை விட்டுப் போவது பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று, எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது. தரகர்கள் நீட்டும் தாளில் 'அச்சிடச் சம்மதம்' என்று மேலே பெரிதாக இருக்கும். 'முழு உரிமையும் நிரந்தரமாக' என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். காலம் குறிப்பிடாத ஒப்பந்தத்துக்குச் சட்டம் 5 ஆண்டு என்று எல்லை வைத்திருக்கிறது. 'நிரந்தரமாக' என்று எழுதுவது அந்தப் பாதுகாப்பைத் தாண்டத்தான். மற்றொன்று, 'இந்தத் தொகையை வைத்துக்கொண்டு மாலை வெயிலில் பாலத்தை எடுத்துக் கொடுங்கள்' என்று ஒருவர் உங்களுக்கு முன்பணம் தருவது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு அவரே முதல் உரிமையாளர். இந்த ஒரு வரியை அறியாமல் நல்ல கலைஞர்கள் தம் வாழ்நாள் உழைப்பைத் தொலைத்திருக்கிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியது இது. சிவகாசி உங்களுக்குத் தூரம் இல்லை. தரகர் இல்லாமல் நேரே ஓர் அச்சகத்துக்குப் போய் விலை கேளுங்கள். அச்சுக்குத் தேவையான அளவில் மட்டும் படங்களைக் கொடுங்கள், அசல் கோப்புகள் வீட்டிலேயே இருக்கட்டும். இந்த நாட்காட்டிக்கு மட்டும், இந்த ஓர் ஆண்டுக்கு மட்டும், இத்தனை பிரதிகள் மட்டும் என்று எழுதிய தாளில் இருவரும் கையெழுத்திடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் உங்கள் பெயர் வர வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். தரகருக்கு, வாங்கிய பணத்தைப் பதினைந்து நாளில் திருப்பித் தரும்படி ஒப்புகையுடன் விரைவுத் தபால் அனுப்புங்கள். பணம் வராவிட்டால் ரசீது நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மனு ஏற்புச் சான்று கையில் வாங்கிய பிறகே வெளியே வாருங்கள்.